மூன்று டார்ட் துப்பாக்கிகள்: காற்று ஒழுக்கு, தேய்ந்த கொக்கி, சோர்ந்த மோட்டார்

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகளோடு செட்டிநாட்டு வீடுகளுக்குள் டார்ட் துப்பாக்கிகளும், அதாவது ஃபோம் குச்சி சுடும் பொம்மைத் துப்பாக்கிகளும், வந்து இறங்குகின்றன. முகப்பில் தொடங்கி வளவைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் கட்டு வரைக்கும் ஓடிச் சுட இதைவிட நல்ல இடம் வாய்க்காது. லீவு முடிந்து பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். துப்பாக்கி மட்டும் ஸ்பிரிங் இழுத்தபடியே, பேட்டரி உள்ளே இருந்தபடியே, ஒரு வருடம் அலமாரியில் கிடக்கும். அடுத்த மே மாதம் எடுத்துச் சுட்டால் டார்ட் பத்தடியில் தரையைத் தொடும். உடனே எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றே: பலமான ஸ்பிரிங் போடு. பெரும்பாலும் அது தப்பான வைத்தியம். காற்று ஒழுகுகிற பம்பை வேகமாக அடித்தால் ஒழுக்கும் வேகமாகத்தான் இருக்கும்.

காரைக்குடி ரிப்பேர் மேசைக்கு வந்தவை மூன்று. முதலாவது, பின்பக்க வளையத்தை இழுத்து ஒரே ஒரு டார்ட் சுடும் சின்னத் துப்பாக்கி, தூரம் போவதில்லை. இரண்டாவது, டார்ட் அடுக்கிய மேகசின் பெட்டியை மாட்டி, துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் மேல்தளத்தை இழுத்துச் சுடுவது. இழுத்தால் கொக்கி பிடிப்பதில்லை, பிடித்தாலும் சில சமயம் தானாகவே விடுபடுகிறது. மூன்றாவது, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே டார்ட்டைத் தள்ளும் மோட்டார் ரகம். சத்தம் வருகிறது, டார்ட் வாயிலிருந்து வழுக்கி விழுகிறது. மூன்றுமே நெர்ஃப் பிராண்டின் எலைட் அளவு டார்ட் போடுபவை. அந்த டார்ட் ஏறக்குறைய 72 மி.மீ. நீளம், 13 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த தடிமன், ஒரு கிராம் எடை.

கழற்றுவதற்கு முன் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். அளவு இல்லாமல் செய்த ரிப்பேரில் "இப்போ பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. இதற்கு வேகமானி தேவையில்லை. ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் செல்போனும் போதும். ஆத்தங்குடி ஓடு பதித்த பட்டாலை இருந்தால் டேப்பு கூட வேண்டாம். எட்டங்குல ஓடு என்றால் வரிசையாகப் பதினைந்து எண்ணுங்கள், 3.05 மீட்டர் வரும். உங்கள் வீட்டு ஓடு பத்தங்குலமாகவும் இருக்கலாம், முதலில் ஒன்றை அளந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் துப்பாக்கியின் வாய், மறு முனையில் சுவரில் சாய்த்த தாம்பாளம். ஒலிப்பதிவை ஓடவிட்டுச் செல்போனைச் சரியாக நடுவில் தரையில் வையுங்கள். நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சுடும் சத்தமும் தாம்பாளத்தில் படும் சத்தமும் ஒரே தூரம் பயணித்துப் போனை அடைவதால், ஒலி வந்துசேரும் நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. பதிவை அலைவடிவம் காட்டும் செயலியில் திறந்தால் இரண்டு முட்கள் தெரியும். இடைவெளி 0.15 விநாடி என்றால் 3.05-ஐ 0.15-ஆல் வகுக்க விநாடிக்கு 20 மீட்டர். 0.25 என்றால் 12 மீட்டர். பத்து டார்ட் சுட்டு, மிகக் கூடிய ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் தள்ளிவிட்டுச் சராசரி எடுங்கள். பத்தும் ஒன்றுக்கொன்று தாறுமாறாக இருந்தால் கோளாறு துப்பாக்கியில் இருப்பதைவிட டார்ட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல நிலையில் உள்ள எலைட் ரகத் துப்பாக்கி 20 மீட்டரை ஒட்டி வர வேண்டும்.

சோதனைச் சுடுதலிலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். தாம்பாளத்தில் பட்ட டார்ட் திரும்பி வரும். அப்பத்தாவின் பெல்ஜியம் கண்ணாடி இருக்கும் சுவரை நோக்கி எதையும் அளக்க வேண்டாம்.

துப்பாக்கியின் வெளி ஓட்டைத் திறப்பது

டார்ட்டையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இழுத்த நிலையில் திறந்தால் பிஸ்டன் எகிறி முகத்துக்கு வரும். ஸ்க்ரூக்கள் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் மேலே வரும்படி பழைய துண்டின்மேல் படுக்க வையுங்கள். ஒன்றாம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், தண்டு 75 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். குழிகள் ஆழமானவை, குட்டை ஸ்க்ரூடிரைவர் எட்டாமல் தலையை மழுக்கிவிடும். எல்லா ஸ்க்ரூவும் கழன்றும் ஓடு பிரியவில்லை என்றால் ஸ்டிக்கருக்குக் கீழே விரலால் தடவுங்கள், பள்ளம் தட்டுப்படும். அதுவும் இல்லையென்றால் ஆரஞ்சு வாய்மூடி ஓட்டின் இரு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தட்டைத் திருப்புளியால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் உடையும்.

ஸ்க்ரூக்களுக்கு உபயோகத்தில் இல்லாத குழிப்பணியாரச் சட்டியைவிட நல்ல தட்டு கிடையாது. கைப்பிடி, நடு, வாய், மேல்தளம் என்று குழிக்கு ஓர் இடம். நீளம் வேறுபடும் ஸ்க்ரூ மாறிப் போனால் நீளமானது ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

மேல் ஓட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு விரலிடை மட்டும் திறந்து, பக்கவாட்டில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஏதாவது சின்ன ஸ்பிரிங் மேல் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தெரியாது. தூக்கியதும் எதையும் தொடாமல் ஒரு படம் எடுங்கள்.

முதல் துப்பாக்கி: ஒழுக்கைத் தேடுதல்

உள்ளே இருப்பது சைக்கிள் பம்புதான். சிலிண்டர், பிஸ்டன், பிஸ்டன் தலையைச் சுற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், பின்னால் ஸ்பிரிங். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, காற்று அழுந்தி டார்ட்டின் முதுகில் மோதுகிறது. டார்ட் குழலைவிட்டு வெளியேறும் வரைக்கும்தான் அந்தக் காற்றுக்கு வேலை. அதற்குள் ஒழுகியது எல்லாம் நஷ்டம்.

ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பிஸ்டனை மட்டும் சிலிண்டருக்குள் விட்டுப் பின்னால் இழுங்கள். சிலிண்டரின் காற்றுத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைக் கையால் அழுத்துங்கள். நல்ல ஓ-ரிங் என்றால் பாதி தூரத்தில் காற்று மெத்தைபோல எதிர்த்து நிற்கும். கையை விட்டால் பிஸ்டன் திரும்பி வரும். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தும் இறங்கக் கூடாது. மெதுவாக அமிழ்ந்தால் சின்ன ஒழுக்கு. தங்குதடையில்லாமல் போய் முட்டினால் ஓ-ரிங் இருந்தும் இல்லாத கணக்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில துப்பாக்கிகளில் டார்ட் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன அடைப்பு இருக்கும். டார்ட் இல்லாதபோது அது துளையை மூடி, வெறுமனே சுட்டால் பிஸ்டன் முன்சுவரில் அடிக்காமல் காற்று மெத்தையாக நிறுத்தும். இதைக் கழற்றாமல் குழல் வழியாகச் சோதித்தால் அடைப்பே துளையை மூடிக்கொண்டு "ஒழுக்கே இல்லை" என்று பொய் சொல்லும். அதனால்தான் சிலிண்டரைத் தனியே எடுத்துச் சோதிக்கச் சொல்வது. அடைப்பை வெட்டி எறிந்தால் வேகம் கூடும் என்று எங்கும் படிக்கலாம். கொஞ்சம் கூடும். ஆனால் பிள்ளைகள் டார்ட் இல்லாமல் பத்து முறை இழுத்து விடுவார்கள், பிஸ்டன் தலை விரியும். பிள்ளைகள் கையில் போகும் துப்பாக்கி என்றால் அடைப்பு இருக்கட்டும்.

ஓ-ரிங் சரியாக இருந்தும் அமிழ்ந்தால் சிலிண்டரில் விரிசல் இருக்கலாம். சைக்கிள் கடையில் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவது போலத்தான்: பிஸ்டனை இழுத்து, துளையை அடைத்து, சிலிண்டரை வாளித் தண்ணீருக்குள் பிடித்து அழுத்தினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பெரும்பாலும் முன்மூடி ஒட்டிய வளையத்தில்தான் வரும்.

இந்தத் துப்பாக்கியில் விரிசல் இல்லை. ஓ-ரிங் ஒரு வருடம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து தட்டையாகிவிட்டது. அதன்மேல் யாரோ போட்ட தேங்காய் எண்ணெயும் செம்மண் தூசியும் சேர்ந்து பிசினாகி இருந்தது. தேங்காய் எண்ணெய் முதல் நாள் வழுக்கும், மாதத்தில் பிசுபிசுக்கும், 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பிஸ்டன் நகராது. துருநீக்கி ஸ்பிரேயும் வேண்டாம். அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் சில ரப்பர்களை ஊதவைக்கும், சில பிளாஸ்டிக்குகளில் நுண்விரிசல் விழவைக்கும். தேவைப்படுவது சிலிக்கான் கிரீஸ். குடிநீர் சுத்திகரிப்பான் சர்வீஸ் செய்பவர்கள் ஃபில்டர் வளையத்துக்குப் பூசுவது அதுதான், அவர்களிடமே கேட்டால் கிடைக்கும். உளுந்தளவு எடுத்து ஓ-ரிங்கைச் சுற்றித் தடவி, பிஸ்டனை இருபது முறை ஓட்டி, முன்னால் ஒதுங்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அப்பிப் பூசினால் காற்றோடு சேர்ந்து குழலுக்குள் போய் டார்ட்டில் ஒட்டும்.

ஓ-ரிங் வெடிக்காமல் தட்டையாக மட்டும் இருந்தால் புதிது வாங்காமலே சரிசெய்யலாம். அதைக் கழற்றி, பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைப் பள்ளத்தின் அகலத்துக்கு மடித்து மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஓ-ரிங்கை உட்காரவையுங்கள். டேப் 0.075 மி.மீ. தடிமன். ஒரு சுற்றுக்கு விட்டத்தில் 0.15 கூடும், மடித்த டேப் என்றால் அதன் இரு மடங்கு. ரப்பர் அழுத்தி அதில் பாதியைத் தின்றுவிடும். சிலிண்டரின் உள்விட்டத்தைவிட ஓ-ரிங்கின் வெளிவிட்டம் 0.3 முதல் 0.5 மி.மீ. வரை கூடுதலாக இருந்தால் போதுமானது. அதற்கு மேல் போனால் ஒழுக்கு நின்று உராய்வு தொடங்கும், வேகம் அதே இடத்தில் நிற்கும். உராய்வுக்குச் சோதனை: காற்றுத் துளை திறந்திருக்க, பிஸ்டனை ஒற்றை விரலால் தள்ளுங்கள். விரல் நுனி வெளுக்காமல் நகர வேண்டும். வெளுத்தால் ஒரு சுற்றைப் பிரியுங்கள்.

புது ஓ-ரிங் வாங்கப் போனால் பழையதைக் கொண்டுபோகாதீர்கள், அது சுருங்கிய அளவைக் காட்டும். பிஸ்டனையும் சிலிண்டரையும் கொண்டுபோங்கள். மோட்டார் பம்பு உதிரிபாகக் கடைக்காரர் கலவைப் பெட்டியிலிருந்து நாலைந்து போட்டுப் பார்க்க விடுவார்.

இரண்டாவது துப்பாக்கி: கொக்கி

மேல்தளத்தை இழுக்கும்போது பிஸ்டன் தண்டில் உள்ள வெட்டில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை வந்து விழுகிறது. அதுதான் கொக்கி. அதன் கீழே ஒரு குட்டி ஸ்பிரிங் அதை மேலே தள்ளுகிறது. விசையை இழுத்தால் கொக்கி கீழே இறங்கிப் பிஸ்டனை விடுகிறது. கொக்கி பிடிக்காததற்கு நான்கு காரணங்கள். சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தூசி. செம்புரான் மண் மாவாக அரைபட்டது போன்றது. அது கொக்கி ஓடும் பள்ளத்தில் இறுகிவிட்டால் கொக்கி பாதிதான் எழும்பும். பழைய டூத்பிரஷ், ஸ்பிரிட், துடைத்தபின் உலரவிடுவது, அவ்வளவுதான். இந்தப் பள்ளத்தில் கிரீஸ் போடாதீர்கள். தூசிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும்.

இரண்டாவது, குட்டி ஸ்பிரிங் சோர்ந்திருப்பது. கொக்கியை விரலால் அழுத்திவிட்டால் டக்கென்று எழ வேண்டும். எழுவதில் சோம்பல் தெரிந்தால் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கில் 8 முதல் 10 மி.மீ. வெட்டி, பழைய ஸ்பிரிங்கின் உள்ளே செருகலாம். முழுப் பேனா ஸ்பிரிங்கையும் போட்டால் விசை கல்லாகிவிடும், பிள்ளைகள் விரலால் இழுக்க முடியாது.

மூன்றாவது, விசை முழுதாகத் திரும்பாமல் இருப்பது. விசையின் திரும்பு ஸ்பிரிங் கழன்று கிடந்தால் விசை கொக்கியை எப்போதும் கொஞ்சம் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். பார்வைக்குக் கொக்கிதான் தேய்ந்தது போலத் தோன்றும். கொக்கியை மாற்றியும் கோளாறு போகாது.

நான்காவதுதான் உண்மையான தேய்மானம். கொக்கியின் விளிம்பையும் தண்டு வெட்டின் விளிம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மூலை உருண்டு மினுமினுப்பாக இருந்தால் அது வழுக்கும். தானாகச் சுடுவது இதனால்தான். சின்னத் தட்டை அரத்தால் கொக்கியின் பிடிமுகத்தை 0.3 மி.மீ. அளவுக்கு மட்டும் ராவி நேர்கோணமாக்குங்கள். ஓர் இழை உட்சாய்வாக இருந்தால் இன்னும் நல்லது, ஸ்பிரிங் இழுக்க இழுக்கப் பிடி இறுகும். வெளிச்சாய்வாகப் போனால் தொலைந்தது. மூன்று முறை அரம் போட்டதும் மாட்டிப் பார்ப்பது, மீண்டும் மூன்று முறை. ஒரேயடியாக ராவிய கொக்கிக்கு மாற்று கிடைக்காது.

இந்தத் துப்பாக்கியில் கடைசி இரண்டும் சேர்ந்திருந்தன. கூடவே தண்டின் வெட்டுக்கு அருகே மயிரிழை விரிசலும். பிளாஸ்டிக் எந்த வகை என்று தெரியாமல் பசை போடக் கூடாது. மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். அரை நிமிடத்தில் மேற்பரப்பு பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ். வகை, அசிட்டோனோ பி.வி.சி. சொல்யூஷனோ அதைக் கரைத்தே ஒட்டவைக்கும். ஒன்றுமே ஆகாவிட்டால் நைலான் அல்லது அசிட்டல். எந்தப் பசையும் நம்பத்தக்கதல்ல. அப்படிப்பட்ட தண்டில் விரிசலுக்குக் குறுக்கே 2.5 மி.மீ. துளை போட்டு, 3 மி.மீ. தடிமன் 12 மி.மீ. நீளத்துக்கு ஸ்க்ரூ முறுக்கி, இடுக்கில் அரால்டைட் நிரப்புங்கள். இரண்டு டியூப்பிலும் சம அளவு, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். ஸ்க்ரூ தலை வெளியே துருத்தினால் சிலிண்டரைக் கீறும். தண்டுக்குள் புதையும்படி குழி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேகசின் ரகத்தில் இன்னோர் ஒழுக்கும் உண்டு. தளம் முன்னால் வந்து மூடும் இடத்தில், அதாவது டார்ட்டுக்குப் பின்னால் இணையும் மூட்டில். டார்ட் போட்டு, அந்த இணைப்பின்மேல் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுச் சுடுங்கள். துண்டு படபடத்தால் காற்று அங்கே போகிறது. மூட்டு முகத்தில் இன்சுலேஷன் டேப் ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்று போட்டால் தளம் முழுதாக மூடாது. மூடாத தளத்தால் விசைப்பூட்டு விடுபடாது, விசையே நகராது. "விசை ஜாம் ஆகிவிட்டது" என்று வருபவற்றில் இந்த டேப் கேஸும் சேர்த்தி.

இனி ஸ்பிரிங். ஒழுக்கையும் கொக்கியையும் சரிசெய்தபிறகும் வேகம் குறைவென்றால்தான் இதற்கு வர வேண்டும். ஒரு வருடம் இழுத்த நிலையில் கிடந்த ஸ்பிரிங் நிரந்தரமாகச் சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். குறைந்ததை ஈடுகட்ட ஸ்பிரிங்கின் பின்னால் பி.வி.சி. குழாயில் அறுத்த வளையம் ஒன்றை வைக்கலாம். எவ்வளவு தடிமன் என்பதை ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். கம்பியின் தடிமன் 1.2 மி.மீ., சுற்றுகள் 24 என்றால் முழுதாக நெருங்கிய ஸ்பிரிங்கின் நீளம் 28.8 மி.மீ. இழுத்த நிலையில் ஸ்பிரிங்குக்கு உள்ளே கிடைக்கும் இடம் 34 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 5.2. வளையம் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 6 மி.மீ. வைத்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், தளம் முழுதாகப் பின்வராது, கொக்கி விழாது. அப்போது பலம் போட்டு இழுத்தால் தண்டு முறியும்.

பலமான ஸ்பிரிங் வேண்டாம் என்பதற்குக் கஞ்சத்தனம் காரணமல்ல. ஒரு கிராம் டார்ட் 21 மீட்டர் வேகத்தில் சுமந்து போகும் ஆற்றல் 0.22 ஜூல். வேகத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு, 0.88. அந்த நாலு மடங்கும் கண்ணில் படலாம். அதைத் தாங்கும் கூடுதல் சுமையோ அதே பழைய பிளாஸ்டிக் கொக்கியின் தலையில் விழுகிறது. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். குறி கட்டாயம். ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கி அந்தக் குறி வாங்கிய துப்பாக்கி அல்ல. ஆரஞ்சு வாயைக் கறுப்படிக்கும் வேலையும் வேண்டாம்; தெருவில் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது துப்பாக்கி: வோல்ட் எங்கே போகிறது

இதில் ஸ்பிரிங் கிடையாது. நான்கு ஏ.ஏ. பேட்டரி, '130' என்ற ரகச் சின்ன மோட்டார் இரண்டு, எதிரெதிராகச் சுழலும் சக்கரங்கள். சக்கரங்களின் இடைவெளி டார்ட்டின் தடிமனைவிடக் குறைவு. அந்தப் பிழிவில்தான் வேகம் பிறக்கிறது. சத்தம் வந்தும் டார்ட் வழுக்கினால் ஒன்று சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை.

பிடிப்பை முதலில் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சக்கர விளிம்பைத் துடையுங்கள். ஃபோம் தேய்ந்த படலமும் செம்மண்ணும் சேர்ந்து பஞ்சு பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. கடையில் பேட்டரி என்று கேட்டால் கொடுக்கும் சாதாரண ஜிங்க்-கார்பன் சுவர்க் கடிகாரத்துக்கு ஏற்றது, மோட்டாருக்கு அல்ல. இரண்டு மோட்டார் சேர்ந்து ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போது அதன் வோல்ட் தரையில் உட்கார்ந்துவிடும். ஆல்கலைன் போடுங்கள். அதைவிட நல்லது ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்றாலும் சுமை ஏறும்போது தளராது. ஏ.ஏ. அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடையில் இருக்கும். நான்கு இடத்திலும் அதை மாட்டினால் 6 வோல்ட் மோட்டாருக்குப் பதினாலு வோல்ட்டுக்கு மேல் போகும், புகைதான்.

பேட்டரி பெட்டியைத் திறந்தால் முனைத் தகட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வுக்கென்றே சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிறுவனம் இயங்கும் ஊரில், எல்லா வீட்டு ரிமோட்டிலும் இந்தப் பூ பூத்திருக்கிறது. எந்தப் பேட்டரி கசிந்தது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். ஆல்கலைன் கசிவு காரம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விட்டால் நுரைத்து அடங்கும். ஜிங்க்-கார்பன் கசிவு அமிலப் பக்கம். அதற்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும். மாற்றிப் போட்டால் பலனில்லை. பித்தளைக்குப் போடுவதுபோல் புளி போடலாமா என்றால், புளிப்பு வேலை செய்யும். ஆனால் அதன் பிசுக்கு இடுக்கில் தங்கிவிடும். நுரை அடங்கியதும் ஈரத்துணி, பிறகு ஸ்பிரிட், நன்றாக உலர்ந்தபின் 600-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக இரண்டு இழுப்பு. பளபளவென்று தேய்த்தால் மேலே உள்ள நிக்கல் பூச்சு போய் அடியில் இரும்பு துருப்பிடிக்கும்.

இனி மல்டிமீட்டர். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது எல்லாத் தகடும் நல்ல தகடுதான். பேட்டரி பெட்டியின் இரு முனையில் 5.4, மோட்டாரின் இரு முனையில் 3.9 என்று வந்தால் வழியில் 1.5 வோல்ட் காணாமல் போகிறது. அதைத் துண்டு துண்டாகத் தேடுங்கள். மீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையை அதில் ஒட்டிய வயரிலும் வைத்தால் அந்த ஒரு மூட்டில் போகும் வோல்ட் தெரியும். பிறகு சுவிட்சின் இரு கால்களிலும், பிறகு மஞ்சள் நிறச் சின்ன வில்லையின் இரு கால்களிலும். 0.1-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம், 0.5 என்று காட்டும் இடம்தான் குற்றவாளி.

அந்த மஞ்சள் வில்லை சூடேறினால் மின்சாரத்தைக் குறைக்கும் காப்பு. டார்ட் சிக்கி மோட்டார் நின்றுபோனால் வயர் உருகாமல் காப்பது இதுதான். ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டால் திரும்ப வேலை செய்யும். பலமுறை சூடேறி ஆறியதில் அதன் தடை நிரந்தரமாகக் கூடிப்போகும். அப்போது அதை வெட்டிவிட்டு வயரை நேரடியாக இணைக்கச் சொல்வார்கள். ஓடும், நன்றாகவே ஓடும், டார்ட் சிக்கும் நாள் வரை. அதே அளவு புது வில்லை போடுங்கள். ஈயம் வைக்கும்போது காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டால் சூடு வில்லைக்கு ஏறாது.

மோட்டாரைக் கழற்ற நேர்ந்தால் எந்த முனையில் சிவப்பு வயர் என்று மார்க்கரால் குறியுங்கள். ஒரு மோட்டாரில் வயர் மாறிப்போனால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும், டார்ட் வாயிலேயே நின்று உருளும். இரண்டிலும் மாறிப்போனால் டார்ட் பின்பக்கம் துப்பப்படும்.

திரும்ப மூடும்போது

பிளாஸ்டிக் துளையில் ஸ்க்ரூ தானே வெட்டிக்கொண்ட பழைய மரை இருக்கிறது. ஸ்க்ரூவை வைத்து முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று விழும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து முறுக்கினால் அதே மரையில் ஏறும். அப்படிச் செய்யாமல் நேரே முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, மூன்றாவது தடவையில் துளை அகன்றுவிடும். ஏற்கெனவே அகன்ற துளையில் தீக்குச்சியின் மருந்தில்லாத பக்கத்தைச் சீவி, ஒரு சொட்டு ஃபெவிக்விக்கோடு இறக்கி, காய்ந்ததும் ஸ்க்ரூவை ஏற்றலாம்.

மூடியபின் தாம்பாளச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதே ஓடுகள், அதே டார்ட்டுகள். வேகம் ஏறியும் டார்ட் வளைந்து போனால் துப்பாக்கியைத் திரும்பத் திறக்காதீர்கள். மேகசினுக்குள் மாதக்கணக்கில் கிடந்த டார்ட் ஓரம் நசுங்கி வாழைக்காய்போல வளைந்திருக்கும். நசுங்கல் மட்டும் என்றால் கைபொறுக்கும் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, விரலிடையில் உருட்டி, நிழலில் உலர்த்தினால் பெருமளவு நிமிரும். ஃபோம் கிழிந்ததையும் தலை ஆடுவதையும் குப்பையில் போடுங்கள். தலை கழன்ற டார்ட்டைப் பசை போட்டுச் சுட்டால் தலை தனியே பறக்கும். உள்ளூரில் வாங்கும் பாக்கெட்டுகளில் தடிமன் ஒன்றுபோல் இருக்காது. குழலில் செருகி வாயால் மெல்ல ஊதினால் டார்ட் நகர வேண்டும். சாய்த்தாலே நழுவி விழுந்தால் மெலிந்தது, ஊதியும் அசையாவிட்டால் தடித்தது. பன்னிரண்டு பிடிக்கும் மேகசினில் பத்து போட்டால் சிக்கல் குறையும். அலமாரிக்குப் போகும்போது மேகசின் காலி, ஸ்பிரிங் தளர்வு, பேட்டரி வெளியே.